கிளிப் போட எந்தப் பல்லை எடுப்பது? இரண்டு டாக்டர், இரண்டு பட்டியல்

கோத்தகிரிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு 13 வயது. மேல்வரிசையில் இரண்டு பக்கமும் சிங்கப்பல் ஈறில் ஏறி நிற்கிறது. கீழ்வரிசை முன்பற்களும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இருக்கின்றன. கிளிப் போடுவதற்காகக் கோவையில் பல்வரிசையைச் சீராக்கும் இரண்டு ஆர்த்தோ டாக்டர்களிடம் காட்டினோம். ஒருவர் 14, 24, 34, 44 எடுக்க வேண்டும் என்று எழுதித் தந்தார். இன்னொருவர் 14, 24, 35, 45 என்கிறார். மேலே இரண்டு பேரும் ஒத்துப்போகிறார்கள், கீழே மட்டும் ஏன் மாறுகிறது?

இதற்கு நடுவில் கீழே இடது பக்கம் பெரிய கடைவாய்ப்பல்லில் (36) ஆழமான சொத்தை. அதற்கு ரூட் கெனால் செய்து உறை போட வேண்டுமாம். சொத்தைப் பல்லைக் காசு போட்டுக் காப்பாற்றிவிட்டு, சொத்தையே இல்லாத நாலு பல்லைப் பிடுங்குவது எனக்குப் புரியவே இல்லை.

என் மாமியார் இன்னும் நேரடியாகக் கேட்கிறார். துருத்திக்கொண்டு நிற்கிற சிங்கப்பல் ரெண்டையும் எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் நேராகத்தானே இருக்கிறது, கிளிப்பே எதற்கு என்று. அவருக்கு என்ன பதில் சொல்வது?

அருவங்காடு_ஓய்வு:
அம்மா, பதறாதீர்கள். ஆனால் மேல்பல் பிடுங்கினால் கண் நரம்பு பாதிக்கும் என்று எங்கள் காலத்தில் சொல்வார்கள். வளரும் பிள்ளை. யோசித்துச் செய்யவும்.

குன்னூர்_பையன்:
ஐயா, எனக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு எடுத்தார்கள். கண்ணாடி கூடப் போடவில்லை இன்னும் :)

அக்கா, எனக்கு நெருக்கம் அதிகம் இல்லை. இரண்டு தாடையும் முன்னால் தள்ளி இருந்தது, உதடு மூட முடியாது, போட்டோ எடுக்கும்போது தாடையில் சுருக்கம் விழும். நாலு முன்கடைவாய்ப்பல் எடுத்து, எலும்பில் சின்ன ஸ்க்ரூ வைத்து முன்பற்களை உள்ளே இழுத்தார்கள். 22 வயதில் ஆரம்பித்தேன். உங்கள் மகள் கேஸ் வேறு மாதிரி என்று நினைக்கிறேன். இங்கே கம்பிக்கார டாக்டர் இருக்கிறார், அவர் வரட்டும்.

கூடலூர்_அம்மா:
என் பையனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஓரிடத்தில் "பல்லே எடுக்காமல் நேராக்கித் தருகிறோம்" என்றார்கள். கேட்க எவ்வளவு இனிப்பாக இருந்தது! வரிசை நேரானது உண்மைதான். ஆனால் எல்லாப் பல்லும் முன்னால் விசிறி விரித்த மாதிரி வந்துவிட்டது. முன்பல்லால் தோசையைக் கடித்து எடுக்க முடியாது, பக்கவாட்டில் வைத்துக் கடிப்பான். பிறகு வேறு டாக்டரிடம் போய், நாலு பல் எடுத்து, மறுபடி முதலிலிருந்து. அதனால் எடுக்கச் சொல்கிறவர் எல்லாம் மோசம் என்று நினைக்க வேண்டாம்.

கம்பிக்கார_டாக்டர்:
வணக்கம். நான் ஆர்த்தோடான்டிஸ்ட், சொந்த ஊர் குன்னூர் பக்கம், வேலை சமவெளியில். எக்ஸ்ரே பார்க்காமல் இன்ன பல்லை எடுங்கள் என்று சொல்ல மாட்டேன். எப்படி யோசிக்கிறோம் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் பாட்டியின் கேள்வி. நியாயமான கேள்விதான், வாரம் ஒருவராவது கேட்பார்கள். சிங்கப்பல் தப்பான பல் இல்லை. மேல்வரிசையில் அது முளைக்கும் வயது 11, 12. அதற்கு முன்பே பக்கத்து முன்கடைவாய்ப்பல் வந்து உட்கார்ந்துவிடும். பால் கடைவாய்ப்பல் சொத்தையாகிச் சீக்கிரம் விழுந்திருந்தால் பின்னால் இருக்கும் பெரிய பல்லும் முன்னே நகர்ந்து இடத்தைப் பிடித்திருக்கும். கடைசியாக வருகிறவருக்கு இடம் இல்லை, அதனால் மேலே நிற்கிறார். வாயில் இருப்பதிலேயே நீளமான வேர் அதற்குத்தான். வரிசை வளையும் மூலையில் நின்று மேலுதட்டின் ஓரத்தைத் தாங்குகிறது. பக்கவாட்டில் மென்று நகர்த்தும்போது பின்பற்கள் ஒன்றோடொன்று உரசாமல் வழி விடுவதும் அதன் வேலை. வயதான காலத்தில் மற்ற பல் எல்லாம் போன பிறகும் கடைசிவரை நிற்பது பெரும்பாலும் அதுதான். இதை எடுத்தால் இன்றைக்கு வரிசை நேராகத் தெரியும், ஆனால் சிரிப்பின் மூலை காலியாகிவிடும். எலும்புக்குள் படுத்தபடி புதைந்து, இழுத்துக் கொண்டுவரவே முடியாத நிலையில் மட்டும்தான் சிங்கப்பல்லை எடுப்பது பற்றிப் பேசுவோம்.

அதற்கு அடுத்தபடி இருக்கும் 4-ஆம் எண் பல்லை, அதாவது முதல் முன்கடைவாய்ப்பல்லை, பெரும்பாலும் ஏன் எடுக்கிறோம்? முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் இருக்கிறது. இடம் தேவைப்படுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இடம் கிடைக்கிறது. அதே உருவத்தில் 5-ஆம் பல் பின்னால் இருப்பதால் மெல்லுவதிலும் பெரிய குறை தெரியாது. சிங்கப்பல்லும் 5-ஆம் பல்லும் அருகருகே நன்றாகவே சேரும்.

கண் விஷயம்: ஐயா, மேல்பல்லுக்கு வரும் நரம்பு மூளையிலிருந்து கிளம்பும் ஐந்தாவது நரம்பின் கிளை. பார்வைக்கு உரியது இரண்டாவது நரம்பு. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. ஊசி போட்ட பிறகு கன்னமும் மேலுதடும் சில மணி நேரம் மரத்துக் கிடக்கும், அவ்வளவுதான்.

கோத்தகிரிக்காரி:
நன்றி டாக்டர். பால் கடைவாய்ப்பல் இரண்டாம் வகுப்பு படிக்கும்போதே எடுத்தது உண்மைதான். இந்த எண்களையும் கொஞ்சம் விளக்குங்கள். 34-க்கும் 35-க்கும் என்ன வித்தியாசம்? ஒரு பல் தள்ளி எடுத்தால் அவ்வளவு மாறிவிடுமா?

கம்பிக்கார_டாக்டர்:
எண் எளிது. முதல் இலக்கம் வாயின் கால்பகுதி: மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. வலது இடது என்பது குழந்தையின் வலது இடது, எதிரே நிற்கிற நமக்கு இல்லை. இரண்டாம் இலக்கம் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல். 34 கீழ் இடது நாலாவது, 35 அதற்குப் பின்னால் ஐந்தாவது, 36 நீங்கள் சொன்ன சொத்தைப் பல்.

ஒரு பல் தள்ளி எடுத்தால் மாறும், நிறையவே. பல் எடுத்த இடம் இரண்டு பக்கத்திலிருந்தும் மூடும். முன்பற்கள் பின்னே வரும், கடைவாய்ப்பற்கள் முன்னே வரும். எந்தப் பக்கம் கனமாக இருக்கிறதோ அது கம்மியாக நகரும். 4-ஐ எடுத்தால் பின்னால் 5, 6, 7 மூன்றும் சேர்ந்து நிற்கும், அதனால் முன்பற்கள் அதிகமாக உள்ளே வரும். 5-ஐ எடுத்தால் பின்னால் 6, 7 மட்டும். முன்னால் ஒரு பல் கூடிவிட்டது. அப்போது கடைவாய்ப்பல் முன்னே வருவது சுலபம், முன்பற்கள் குறைவாகவே உள்ளே போகும்.

இனி ஒரு கணக்கு. இது என் உதாரணம், உங்கள் மகளின் அளவு இல்லை. ஒரு முன்கடைவாய்ப்பல் ஏறக்குறைய 7 மி.மீ. அகலம். ஒரு வரிசையில் இரண்டு எடுத்தால் 14 மி.மீ. இடம். மேலே நெருக்கத்தைப் பிரிக்க 9 மி.மீ. வேண்டும் என்று வையுங்கள். முன்பற்களை 2 மி.மீ. உள்ளே கொண்டுபோக வேண்டும். ஒரு மி.மீ. உள்ளே போக இரண்டு பக்கமும் ஒவ்வொரு மி.மீ. செலவாகும், ஆக 4. மொத்தம் 13. கிட்டத்தட்ட எல்லா இடமும் தீர்ந்துவிட்டது. மேல் கடைவாய்ப்பல் அசையவே கூடாது, 4-ஐத்தான் எடுக்க வேண்டும்.

கீழே நெருக்கம் 4 மி.மீ. தான். கீழ்வரிசை வளைந்து குழிந்திருந்தால் அதைச் சமமாக்க 2. முன்பற்களை 1 மி.மீ. உள்ளே சாய்க்க இன்னொரு 2. மொத்தம் 8. மீதி 6, பக்கத்துக்கு 3 மி.மீ. இந்த மூன்றைக் கடைவாய்ப்பல் முன்னே வந்து நிரப்ப வேண்டும். அது எப்போது நமக்கு லாபம்? கீழ்க் கடைவாய்ப்பல் மேலதைவிட அரைப் பல் அளவு பின்தங்கிக் கடிக்கும் பிள்ளைகளுக்கு. அங்கே கீழே 5-ஐ எடுத்தால், முன்னே வந்த கடைவாய்ப்பல் சரியான கடிப்பில் உட்காரும். மேலே 4, கீழே 5 என்பது இப்படிப்பட்ட கடிப்புக்கு வழக்கமான திட்டம்.

ஆகவே இரண்டாவது டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "கடைவாய்ப்பல் எப்படிக் கடிக்கிறது? பின்தங்கி இருப்பதாலா 35, 45 என்கிறீர்கள்?" முதல் டாக்டரிடம்: "34, 44 எடுத்தால் கீழ் முன்பல் எவ்வளவு உள்ளே போகும், உதடு எப்படி மாறும்?" அச்சு எடுத்த மாடலும் பக்கவாட்டு எக்ஸ்ரேயும் அவர்களிடம் இருக்கும். அதை வைத்து மில்லிமீட்டரில் பதில் சொல்ல வேண்டும்.

கொடை_மேகம்:
டாக்டர், எனக்கு வத்தலக்குண்டில் ஒரு டாக்டர் கீழே நடுவில் ஒரே ஒரு வெட்டுப்பல்லை எடுத்தார். 30 வயதில். ஒரே பல்லோடு முடிந்தது. இந்தப் பிள்ளைக்கு அது ஆகாதா?

கம்பிக்கார_டாக்டர்:
ஆகாது. உங்களுக்கு மேல்வரிசை சரியாக இருந்து கீழ் முன்பற்கள் மட்டும் அளவில் பெரியதாகவோ நெருக்கமாகவோ இருந்திருக்கும். கடைவாய்ப்பல் கடிப்பும் நன்றாக இருந்திருக்கும். அப்படிப்பட்ட பெரியவர்களுக்கு அது நல்ல வழி. கண்ணாடியில் பாருங்கள், மேல் நடுக்கோடு கீழே ஒரு பல்லின் நடுவில் வந்து விழும். ஈறு ஓரத்தில் சின்னக் கறுப்பு முக்கோணமும் தெரியலாம். இங்கே பிரச்சினை மேலே இருக்கிறது. கீழே ஒன்றை எடுத்து மேலே இடம் வராது.

கொடை_மேகம்:
இரண்டும் அப்படியே இருக்கிறது! யாரும் கவனித்ததில்லை, நானும்தான்.

குன்னூர்_பையன்:
நான் கேட்க நினைத்தது: அண்ணத்தை அகலப்படுத்தும் கருவி போட்டால் பல்லே எடுக்க வேண்டாம் என்று வீடியோக்கள் வருகின்றன. பல் எடுத்தால் நாக்குக்கு இடம் குறைந்து, மூச்சுக்குழாய் சுருங்கி, தூக்கத்தில் மூச்சு நிற்கும் என்றும் சொல்கிறார்கள். எனக்கு ஏற்கெனவே எடுத்தாயிற்று, இப்போது இதைப் பார்த்துப் பயமாக இருக்கிறது.

கம்பிக்கார_டாக்டர்:
நிம்மதியாகத் தூங்குங்கள். அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட் சங்கம் 2019-இல் தூக்க மூச்சுத்தடை பற்றி நிபுணர்களை வைத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. கிளிப்புக்காகப் பல் எடுப்பதால் அந்த நோய் வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு.

அண்ணம் உண்மையிலேயே குறுகலாக இருந்தால் அகலப்படுத்துவது சரியான சிகிச்சை. நடுவில் இருக்கும் எலும்புப் பொருத்து சின்ன வயதில் எளிதாக விரியும், வளர்ந்த பிறகு கடினம். ஆனால் கீழ்த்தாடையில் அப்படிப் பொருத்து இல்லை. கீழ்ச் சிங்கப்பற்களுக்கு நடுவே அகலப்படுத்தினால் பெரும்பாலும் பழையபடி திரும்பிவிடும். பல்லின் பக்கவாட்டை உராய்ந்து இடம் எடுப்பதும் உண்டு. ஒரு பரப்பில் கால் மி.மீ. அளவுதான் பாதுகாப்பு, முன்பற்கள் ஆறிலும் சேர்த்தால் இரண்டு மூன்று மி.மீ. தேறும். பின்பற்களை இன்னும் பின்னே தள்ளலாம். மொத்தத்தில் 4 மி.மீ.க்குள் நெருக்கம் இருந்தால் எடுக்காமல் முடிப்போம், 10-ஐத் தாண்டினால் அநேகமாக எடுக்க வேண்டும். நடுவில் இருப்பவர்களுக்கு முகத்தைப் பார்த்து, உதட்டைப் பார்த்து, ஈறு எவ்வளவு மெல்லியது என்று பார்த்து முடிவு. அங்கேதான் நல்ல டாக்டர்களே வேறுபடுவார்கள்.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. எங்கள் துறைக்கு அடித்தளம் போட்ட எட்வர்ட் ஆங்கிள் எல்லாப் பல்லும் வாயில் இருந்தே ஆக வேண்டும் என்று அடம் பிடித்தவர். கால்வின் கேஸ் 1911-இல் அதை எதிர்த்துப் பேசினார். பிறகு ஆங்கிளின் சொந்த மாணவர் சார்லஸ் ட்வீட், எடுக்காமல் முடித்த தன் நோயாளிகளில் பலருக்குப் பல் முன்தள்ளியும் திரும்பக் கோணியும் போனதைப் பார்த்து, அவர்களில் பலருக்கு நாலு முன்கடைவாய்ப்பல் எடுத்து மறுபடி சிகிச்சை செய்து 1940-களில் எல்லாருக்கும் காட்டினார். அப்புறம் கொஞ்ச காலம் எடுத்துத் தள்ளினார்கள். இப்போது ஊசல் மறுபக்கம். கூடலூர் அம்மா எழுதியதைப் படித்தால் ட்வீட் தலையாட்டுவார்.

ஊட்டி_கேரட்:
ஞானப்பல்லை எடுத்தால் போதுமே? அதுதானே முட்டித் தள்ளுகிறது?

கம்பிக்கார_டாக்டர்:
13 வயதில் அது இன்னும் எலும்புக்குள் உருவாகிக்கொண்டிருக்கும். கடைசிப் பல்லை எடுத்தால் கடைசியில்தான் இடம் வரும், சிங்கப்பல் வரை வந்து சேராது. அது தள்ளித்தான் முன்பல் கோணுகிறது என்பதும் ஆய்வுகளில் நிற்கவில்லை.

கோத்தகிரிக்காரி:
36 பற்றி இன்னும் பதில் வரவில்லையே டாக்டர். அதுதான் வீட்டில் பெரிய சண்டை. இவர் கணக்குப் பார்க்கிறார்: சொத்தை 36-ஐ எடுத்தால் அந்தப் பக்கம் 35 தப்பித்தது, ரூட் கெனால் செலவும் மிச்சம்.

கம்பிக்கார_டாக்டர்:
அவர் கேட்பதில் பாதி சரி. எடுத்தே ஆக வேண்டும் என்றால் கெட்டுப்போன பல்லைத்தான் முதலில் பார்ப்போம். 34 நன்றாக இருந்து 35 சொத்தையாக இருந்தால், யோசிக்காமல் 35. ஆனால் 36 பெரிய பல், 10, 11 மி.மீ. அகலம். அதுவும் நெருக்கத்திலிருந்து தூரத்தில் இருக்கிறது. அதை எடுத்தால் 37-ஐ அவ்வளவு தூரம் முன்னே இழுக்க வேண்டும். மாதத்துக்கு 1 மி.மீ. நகர்ந்தாலே நல்ல வேகம். அந்தப் பல் முன்னால் சாய்ந்து விழாமல் வேரோடு நிமிர்ந்து வர வேண்டும். சிகிச்சை ஒன்றரை இரண்டு வருடம் என்பது இன்னும் நீளும். வலது பக்கம் 45, இடது பக்கம் 36 என்று எடுத்தால் இரண்டு பக்கமும் இழுவை வேறு வேறு, நடுக்கோடு ஓரம் போகாமல் பார்க்க வேண்டும்.

எட்டு முதல் பத்து வயதுக்குள், 37 இன்னும் எலும்புக்குள் இருக்கும்போது எடுத்திருந்தால் அதுவே முன்னே வந்து ஓரளவு இடத்தை நிரப்பியிருக்கும். 13-இல் 37 முளைத்திருக்கும், அந்த வாய்ப்பு தாண்டிவிட்டது.

ஆகவே கேள்வி, 36 எத்தனை வருடம் தாங்கும் என்பது. சொத்தை ஈறுக்குக் கீழே இறங்காமல், சுவர்கள் கெட்டியாக இருந்தால் காப்பாற்றுங்கள். ரூட் கெனால் செய்த பல்லும் மற்ற பல்லைப் போலவே நகரும், கிளிப்புக்குத் தடை இல்லை. நிரந்தர உறையைக் கிளிப் கழற்றிய பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று இரண்டு டாக்டர்களும் பேசி முடிவு செய்யட்டும். சுவரெல்லாம் உதிர்ந்து வெறும் வேர்தான் மிச்சம் என்றால், வாய் முழுவதையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயில் 38, அதாவது அந்தப் பக்க ஞானப்பல், இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 37 முன்னே வந்த பிறகு பின்னால் அது வந்து சேரும். அப்போது உங்கள் வீட்டுக்காரர் கணக்கு ஜெயிக்கும், காலம்தான் கூடும். எப்படியானாலும் 36 தேறுமா என்று டாக்டர் பார்த்துச் சொல்லும் முன் 35-இல் கை வைக்க வேண்டாம். 35-ஐ எடுத்த பிறகு 36-உம் தேறாது என்றால் அந்தப் பக்கம் பெரிய பள்ளம்தான்.

கூடலூர்_அம்மா:
கடைசி வரியை எல்லாப் பெற்றோரும் படிக்க வேண்டும்.

கோத்தகிரிக்காரி:
போய் வந்துவிட்டோம். 36-ஐத் திறந்து பார்த்தார்கள், சுவர் நாலும் நன்றாக இருக்கிறதாம். ரூட் கெனால் ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டாவது டாக்டரிடம் நீங்கள் சொன்ன மாதிரி கேட்டேன். மாடலைக் கையில் எடுத்துக் காட்டினார்: இரண்டு பக்கமும் கீழ்க் கடைவாய்ப்பல் அரைப் பல் பின்னால். உதடு ஏற்கெனவே ஒட்டினாற்போல இருப்பதால் கீழ் முன்பல்லை அதிகம் உள்ளே இழுக்க அவருக்கு விருப்பமில்லை என்றார். முதல் டாக்டரிடம் போனில் கேட்டேன், "அப்படியும் செய்யலாம், நான் 34-ஐ எடுத்து ரப்பர் போட்டுச் சரி செய்வேன்" என்றார். 14, 24, 35, 45 என்று முடிவு செய்துவிட்டோம். மாமியார் சிங்கப்பல் விஷயத்தில் சமாதானம். கண் விஷயத்தில் இன்னும் இல்லை.

இப்போது புதுக் கவலை. பல் எடுப்பதைக் கோத்தகிரியிலேயே செய்துகொள்ளக் கடிதம் தருகிறார்கள். கிளிப் மாட்டக் கோவை போக வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டது. போன மழைக்கு மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றது. பல்லை எடுத்துவிட்டுக் கீழே இறங்க முடியாமல் போனால்?

கம்பிக்கார_டாக்டர்:
மலையில் இருப்பவர்கள் எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி. மேலே எடுத்துவிட்டுச் சில வாரம் தாமதமானால் பெரிய நஷ்டம் இல்லை. ஏறி நிற்கும் சிங்கப்பல் தானாகவே கொஞ்சம் இறங்கி வரும். ஆனால் மாதக்கணக்கில் விட்டால் மேல் கடைவாய்ப்பல் முன்னே வரும், நான் சொன்ன உதாரணம் போல இடம் இறுக்கமாக இருந்தால் மேலே வீணாக்க இடமிருக்காது. கீழே 35, 45 எடுத்துவிட்டுச் சும்மா விட்டால் 36 சாய்ந்துகொண்டே வரும், பிறகு நிமிர்த்துவது தனி வேலை. அதனால் கீழே இரண்டையும் கிளிப் மாட்டிய பிறகு எடுக்கலாமா என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். பலர் அப்படிச் செய்வார்கள். மேலே கடைவாய்ப்பல்லைப் பிடித்து வைக்க அண்ணத்தில் கம்பி போடுவதாக இருந்தால், அதை மாட்டிய பிறகே மேலேயும் எடுப்பது நல்லது.

நாலையும் சேர்த்தே எடுப்பதாக இருந்தாலும் ஒரே நாளில் வேண்டாம். ஒரு பக்கம் மேலும் கீழும் ஒரு நாள், அடுத்த பக்கம் ஒரு வாரம் கழித்து. இன்னொரு பக்கத்தால் சாப்பிட முடியும்.

ஊட்டி_கேரட்:
எடுத்த அன்று என்ன கொடுக்கலாம்?

கம்பிக்கார_டாக்டர்:
பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடிக்க வேண்டும். அன்று முழுக்கத் துப்பக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும். ஆறிய கஞ்சி, தயிர்சாதம், ஐஸ்கிரீம். கிளிப் மாட்டிய பிறகு, நம்ம ஊர் மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டை டீயில் நன்றாக ஊறவைத்தால் மட்டும்.

கோத்தகிரிக்காரி:
கீழே உள்ளதை மாட்டிய பிறகு எடுக்க அவரும் சம்மதித்துவிட்டார். அண்ணக் கம்பியும் உண்டாம். கடிதம் கையில் இருக்கிறது. "எக்ஸ்ட்ராக்ட் 14, 24" என்று மட்டும் எழுதியிருக்கிறது.

கம்பிக்கார_டாக்டர்:
எண்ணோடு எழுத்திலும் எழுதச் சொல்லுங்கள்: மேல் வலது முதல் முன்கடைவாய்ப்பல், மேல் இடது முதல் முன்கடைவாய்ப்பல். உங்கள் மகளுக்குச் சிங்கப்பல் வரிசைக்கு வெளியே இருப்பதால், உள்ளே நிற்கும் பற்களை மட்டும் எண்ணினால் 5 நாலாவதாகத் தெரியும். ஊசி போடும் முன் பல் எடுக்கும் டாக்டர் எக்ஸ்ரேயையும் கடிதத்தையும் பக்கத்தில் வைத்து, கண்ணாடியில் எந்தப் பல் என்று உங்களுக்கும் பிள்ளைக்கும் தொட்டுக் காட்டட்டும்.